ஐந்து வருடம் முடியும் வரை இராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள்

கேள்வி: நான் சுன்னாகத்தைச் சேர்ந்தவள், வயது 30. கொழும்பில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு நிதி நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கிளையில் 4 வருடமும் 7 மாதமுமாக வேலை செய்கிறேன். பதவிப் பெயர் 'ரிக்கவரி எக்ஸிகியூட்டிவ்'. அடிப்படைச் சம்பளம் 45,000 ரூபா, வாழ்க்கைச் செலவுப்படி 15,000, கமிஷன் சராசரியாக 10,000. ஸ்கூட்டியில் சாவகச்சேரி, கொடிகாமம், பருத்தித்துறை என்று தவணைக் காசு அறவிடப் போகவேண்டும். வீடு திரும்ப ஏழு, ஏழரை ஆகும். ஞாயிறு காலையில் சூமில் இரண்டு மணி நேரக் கூட்டம். இரவு பத்து மணிக்கும் வட்ஸ்அப்பில் கணக்குக் கேட்பார்கள். டெங்கு வந்து நான்கு நாள் படுத்ததை 'நோ-பே' (சம்பளமற்ற லீவு) ஆக்கிவிட்டார்கள். கட்ட வழியில்லாத ஒரு விதவைத் தாயின் வீட்டு வாசலில் பொழுதுபடும் வரை நிற்கச் சொன்னார்கள். எச்.ஆருக்கு எழுதினேன். அந்த மின்னஞ்சல் அப்படியே கிளை முகாமையாளரிடம் திரும்பி வந்தது. "விருப்பமில்லாட்டி போகலாம், வெளியில நூறு பேர் நிக்கினம்" என்றார். கிளையில் 11 பேர், களத்துக்குப் போவது ஐந்து பேர். எல்லோருக்கும் இதே நிலைதான். வேலையை விடுவதா? நின்று போராடுவதா? மற்றவர்களை விட்டுவிட்டுப் போவது துரோகம் இல்லையா? தம்பி பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், வீட்டுச் செலவில் பாதி என்னுடையது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒன்றை முதலில் கையில் எடுக்கிறேன்: நாலு வருடமும் ஏழு மாதமும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருட சேவையை முடித்த ஒருவர் தானாக விலகினாலும் பணிக்கொடை ('கிராஜுவிட்டி', விலகும்போது நிறுவனம் தரும் தொகை) பெறுவார். மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். கணக்குக்கு எடுப்பது கடைசியாக வாங்கிய சம்பளம். அதில் அடிப்படைச் சம்பளமும் வாழ்க்கைச் செலவுப்படியும் சேரும், கமிஷன் சேராது. ஆகவே உங்களுக்கு 60,000 ரூபாவில் பாதி 30,000. ஐந்து வருடத்துக்கு ஒன்றரை இலட்சம். இன்றைக்குக் கோபத்தில் கடிதத்தைக் கொடுத்தால் பணிக்கொடையாகச் சட்டப்படி ஒரு சதமும் கேட்க முடியாது. கிளையில் 11 பேர்தானே என்று குழம்ப வேண்டாம். 15 என்ற எண்ணிக்கைக்கு முழு நிறுவனத்தையும் பார்ப்பார்கள், உங்கள் கிளையை மட்டும் அல்ல.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பதால், ஐந்து வருடம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே கடிதத்தைக் கொடுத்துவிடுவார்கள். நிறுவனம் அந்த ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் தந்து "இன்றோடு போகலாம்" என்று சொன்னால், சேவை எந்தத் தேதியில் முடிந்தது என்பதே சண்டையாகிவிடும். எனவே நியமனக் கடிதத்தில் உள்ள தொடக்கத் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதியிலிருந்து ஐந்து முழு வருடம் தாண்டி ஒரு வாரமாவது போன பிறகே கடிதம் கொடுங்கள். அதுவரை அனுமதி இல்லாமல் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருக்கவேண்டாம். 'போஸ்ற்றை விட்டுப் போய்விட்டார்' என்று எழுத அது வசதியாகப் போய்விடும்.

ஆகக் குறைந்தது ஐந்து மாதம் உங்களுக்கு இருக்கிறது. அந்த ஐந்து மாதத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கழிக்கச் சொல்லவில்லை. கேட்கவேண்டியதை அந்தக் காலத்துக்குள் கேளுங்கள், அதன் பிறகு போங்கள். இதுதான் என்னுடைய தெளிவான கருத்து. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு உங்கள் குறைகளை வகை பிரித்துப் பார்க்கவேண்டும். கடிதத்தில் எல்லாம் ஒரே கோபமாகக் கலந்து கிடக்கின்றன.

சட்டம் ஏற்கனவே உங்களுக்குத் தந்திருப்பவை ஒரு பக்கம். முதலில் சேமலாப நிதி. உங்கள் பே ஸ்லிப்பில் ஈ.பி.எஃப். என்ற வரியில் கழித்த தொகை எவ்வளவு என்று பாருங்கள். 3,600 ரூபா என்று இருந்தால், 45,000இன் 8 சதவீதத்தை மட்டுமே கழிக்கிறார்கள் என்று பொருள். சட்டப்படி அடிப்படைச் சம்பளத்தோடு வாழ்க்கைச் செலவுப்படியும் கமிஷனும் சேமலாப நிதிக் கணக்கில் சேரவேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. பில் கொடுத்து வாங்கும் பெற்றோல் காசும் சேராது, அது செலவை ஈடு செய்வது. அப்படிப் பார்த்தால் உங்கள் கணக்கு 70,000 ரூபாவில் நடக்கவேண்டும். நிறுவனத்தின் 12 சதவீதம் 5,400க்குப் பதிலாக 8,400. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ஈ.ரி.எஃப்.) நிறுவனம் கட்டவேண்டிய 3 சதவீதம் 1,350க்குப் பதிலாக 2,100. மாதம் 3,750 ரூபா குறைகிறது. 55 மாதத்துக்கு இரண்டு இலட்சத்துக்கு மேல். சம்பளம் இடையில் கூடியிருந்தால் பழைய மாதங்களுக்குத் தொகை குறையும், ஆனாலும் சிறிய காசு அல்ல. இந்தக் காசை வேலையை விட்ட பிறகும் கேட்கலாம்.

இரண்டாவது வேலை நேரம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேல் வாரத்துக்கு 12 மணி நேரம் வரையே ஓ.ரி. (மேலதிக நேர வேலை) செய்விக்கலாம், அதற்கு ஒன்றரை மடங்கு கொடுக்கவேண்டும். வாரத்தில் ஒன்றரை நாள் சம்பளத்தோடு ஓய்வு. ஞாயிறு சூம் கூட்டம் அந்த ஒன்றரை நாளைத்தான் தின்கிறது. மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்தால் ஒரு மணி நேரக் கூலி வரும். படியோடு சேர்த்து உங்களுக்கு 250 ரூபா, ஒன்றரை மடங்கு 375. வாரம் எட்டு மணி நேரம் கூடுதலாக வேலை செய்தால் மாதம் கிட்டத்தட்ட 12,000. "நீங்கள் எக்ஸிகியூட்டிவ், உங்களுக்கு ஓ.ரி. இல்லை" என்று பதில் வரும். உங்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை, கடன் கொடுக்கவோ தள்ளுபடி செய்யவோ அதிகாரம் இல்லை, காலையில் கையெழுத்து வைத்துவிட்டுப் போகிறீர்கள். இவற்றை எழுதிக்கொடுத்து, பெயரை விட்டு வேலையைப் பாருங்கள் என்று வாதாட முடியும். வெற்றி நிச்சயம் என்று சொல்லமாட்டேன். சேமலாப நிதி அளவுக்கு இது நேரான விடயம் அல்ல.

மூன்றாவது டெங்கு. அந்தச் சட்டத்தில் நோய்க்கென்று தனி லீவு கிடையாது. ஆனால் வருடத்துக்கு 7 நாள் கஷுவல் லீவு உண்டு. அது சொந்த அலுவலுக்கும் சுகவீனத்துக்கும்தான். அந்த வருடம் 7 நாளில் மீதி இருந்தும் நான்கு நாளை நோ-பே ஆக்கியிருந்தால் அது பிழை, காசைத் திருப்பிக் கேட்கலாம். வைத்தியசாலை அட்டை, இரத்தப் பரிசோதனை அறிக்கை, லீவு கேட்டு அனுப்பிய வட்ஸ்அப் செய்தி மூன்றையும் ஒன்றாக வையுங்கள்.

இன்னொரு பக்கம், சட்டம் நேரடியாகச் சொல்லாவிட்டாலும் ஐந்து பேர் சேர்ந்து கேட்டால் கிளை மட்டத்திலேயே மாறக்கூடியவை: இரவு வட்ஸ்அப், பெற்றோல் கொடுப்பனவின் அளவு, தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் ஒரே நாளில் ஓடவிடும் பாதைத் திட்டம். இவை முகாமையாளர் மனம் வைத்தால் நடக்கும். உங்கள் நல்வாழ்வுக்காக என்று கேட்டால் கேட்கமாட்டார். மாலை ஆறரைக்குப் பிறகு இருட்டில் காசோடு ஸ்கூட்டியில் வருவது நிறுவனத்தின் பணத்துக்கே ஆபத்து என்று எழுதினால், தலைமை அலுவலகத்தின் கணக்காய்வுப் பிரிவுக்கு அது போய்விடுமோ என்று யோசிப்பார்.

மாறாதவையும் இருக்கின்றன. அறவீட்டு இலக்கு கொழும்பில் தீர்மானிக்கப்படுகிறது. ஒரு தாயின் வாசலில் பொழுதுபடும் வரை நிற்கச் சொல்லும் கட்டளை அந்த இலக்கிலிருந்து பிறக்கிறது. முகாமையாளர் மாறினாலும் அடுத்தவர் அதையே சொல்வார். நீங்கள் போகவேண்டும் என்று நான் சொல்வதற்கு உண்மையான காரணம் இதுதான். காசு குறைவதைத் திருத்தலாம். உங்கள் கையைக் கொண்டு உங்கள் ஊர்ப் பெண்ணை அவமானப்படுத்தும் வேலையைத் திருத்த ஒரு கிளை ஊழியரால் முடியாது. இருக்கும் காலத்தில் அப்படி ஒரு கட்டளை வந்தால் வாயால் மறுக்காமல் எழுத்தில் கேளுங்கள்: "இன்ன வாடிக்கையாளர் வீட்டில் பிற்பகல் 3 மணியிலிருந்து நிற்கும்படி சொன்னீர்கள், சரிதானே?" என்று ஒரு வட்ஸ்அப் செய்தி போதும். பெரும்பாலும் 'ஓம்' என்று எழுத்தில் பதில் வராது. வாடிக்கையாளரைத் துன்புறுத்தும் அறவீட்டைப் பற்றி அந்த வாடிக்கையாளரே மத்திய வங்கியில் முறையிடலாம். அதை அந்தத் தாய்க்குச் சொல்வது தவறல்ல.

இனி, கேட்பதற்கு முன் செய்யவேண்டியது. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அறவீட்டு வேலையில் இருப்பவர்கள் அநேகமாக இங்கேதான் மாட்டுப்படுகிறார்கள். நீங்கள் உரிமை கேட்ட அடுத்த வாரம் நிறுவனம் செய்யக்கூடிய முதல் வேலை உங்கள் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்ப்பது. வாடிக்கையாளர் ஐந்து மணிக்குப் பிறகு தந்த காசை ஓரிரவு வீட்டில் வைத்து மறுநாள் கட்டுவது களத்தில் சாதாரணம். மாத முடிவில் இலக்குக் குறைகிறது என்று, நாளை தருகிறேன் என்ற வாடிக்கையாளருக்காகக் கைக்காசைப் போட்டுக் கட்டிவிட்டு, பிறகு அவரிடம் வாங்கிக்கொள்வதும் சாதாரணம். பற்றுச்சீட்டில் ஒரு தேதி, கணினியில் இன்னொரு தேதி. சுமுகமாக இருக்கும்வரை முகாமையாளர் இதைக் கண்டும் காணாதது போல இருப்பார், சில வேளை அவரே செய்யச் சொல்லுவார். பிணக்கு வந்தபின் அதே தேதி வித்தியாசம் 'நிதி மோசடி' என்ற பெயரில் குற்றச்சாட்டுக் கடிதமாக வரும். பணிநீக்கத்துக்கு அதைவிட வலுவான காரணம் ஒரு நிதி நிறுவனத்துக்குத் தேவையில்லை. பொலிஸ் முறைப்பாடு வரை போகும்.

ஆகவே இன்றிலிருந்து கைக்காசு போடுவதை முற்றாக நிறுத்துங்கள். இலக்குக் குறைந்தால் குறையட்டும். யாருக்காகவாவது ஏற்கனவே கட்டியிருந்தால் அதை வாங்கித் தீர்த்துவிடுங்கள், வாங்க முடியாவிட்டால் நட்டத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். பிந்திக் கிடைக்கும் காசுக்கு அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே பற்றுச்சீட்டை எழுதுங்கள். "ரூபா இவ்வளவு கையில் இருக்கிறது, கிளை மூடிவிட்டது, நாளை காலை கட்டுகிறேன்" என்று முகாமையாளருக்கு அன்றே செய்தி அனுப்புங்கள். எழுதிப் பிழைத்த பற்றுச்சீட்டைக் கிழிக்காமல், குறுக்கே கோடிட்டு அடிக்கட்டையோடு வைத்திருங்கள். இப்படி இரண்டு மாதம் நடந்த பிறகு உரிமைக் கடிதம் எழுதலாம், அதற்கு முன் வேண்டாம். மற்ற நான்கு பேரும் இதைச் செய்யவேண்டும். ஒருவருடைய புத்தகத்தில் ஓட்டை இருந்தால் அவரைப் பிடித்து மற்றவர்களை மடக்கிவிடலாம்.

அதே இரண்டு மாதத்தில் ஆவணங்களைச் சேருங்கள். நியமனக் கடிதம், பே ஸ்லிப்புகள், சம்பளம் வைப்பாகும் வங்கிக் கூற்று, சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், லீவு விண்ணப்பங்கள். பே ஸ்லிப் கணினியில் மட்டும் இருந்தால் இப்போதே அச்சடித்து வையுங்கள். பிணக்குத் தொடங்கினால் முதலில் நிறுத்தப்படுவது உங்கள் கணினி உள்நுழைவுதான். ஒரு சிறிய கொப்பியில் நாள்தோறும் எழுதுங்கள்: கிளையில் கையெழுத்து வைத்த நேரம், போன ஊர்கள், கடைசிப் பற்றுச்சீட்டின் நேரம், வீடு வந்த நேரம். கடைசிப் பற்றுச்சீட்டில் உள்ள நேரம் உங்கள் ஓ.ரி.க்கு மிக நல்ல சாட்சி. அதைக் கொடுத்ததே நிறுவனத்தின் புத்தகம். ஞாயிறு சூம் அழைப்பின் ஸ்கிரீன்ஷொட்டைத் தேதியும் நேரமும் தெரியும்படி எடுங்கள். ஆனால் வாடிக்கையாளர் பட்டியல், கடன் கோப்பு, அவர்களின் அடையாள அட்டைப் பிரதி எதையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டாம். அது உங்கள் வழக்குக்குத் தேவையும் இல்லை, அனுப்பினால் அதுவே உங்கள்மேல் குற்றச்சாட்டாகும். முகநூலில் ஒரு வரியும் எழுதவேண்டாம்.

மூன்றாம் மாதத்தில் கூட்டுக் கடிதம். எச்.ஆருக்கு நீங்கள் தனியாக எழுதியது திரும்பி வந்ததற்குக் காரணம், அது ஒருவரின் மனக்குறை போல இருந்தது. ஐந்து பேர் கையெழுத்திட்ட, தேதியும் தொகையும் உள்ள கடிதத்தைக் கோப்பில் வைக்காமல் விட எச்.ஆருக்கும் பயம் வரும். முகாமையாளரின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் அதில் வேண்டாம். இப்படி எழுதலாம்:

"கீழே கையெழுத்திடும் நாங்கள் யாழ்ப்பாணக் கிளையின் களப் பணியாளர்கள். (1) எங்கள் சேமலாப நிதி, நம்பிக்கை நிதியப் பங்களிப்புகள் அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் கணிக்கப்படுகின்றன. வாழ்க்கைச் செலவுப்படியையும் கமிஷனையும் சேர்த்து, நாங்கள் சேர்ந்த தேதியிலிருந்து நிலுவையைச் செலுத்துமாறு கேட்கிறோம். (2) ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை வார வேலை நேரத்துக்குள் மாற்றுமாறு கேட்கிறோம். (3) இணைப்பில் உள்ள நாட்கள் கஷுவல் லீவு மீதி இருந்தும் சம்பளமற்ற லீவாகக் கழிக்கப்பட்டுள்ளன. அத்தொகையை அடுத்த சம்பளத்தில் சேர்க்குமாறு கேட்கிறோம். இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அவ்வளவுதான். மூன்று விடயத்துக்கு மேல் சேர்க்கவேண்டாம். பத்தாவது கோரிக்கையைப் பற்றிப் பேசியே முதல் கோரிக்கையைத் தள்ளிவிடுவார்கள். தமிழில் எழுதி ஆங்கிலப் பிரதியையும் இணைத்துத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மின்னஞ்சலிலும் அனுப்பலாம், ஆனால் பதிவுத் தபால் துண்டு கையில் இருக்கவேண்டும். கையெழுத்துகளை ஒன்றின் கீழ் ஒன்றாக வைக்காமல், வெள்ளைத்தாளில் வட்டமாக இடுங்கள். யார் முதலில் என்று பார்த்து ஒருவரைத் தலைவர் ஆக்கிப் பழிவாங்குவது அப்போது கடினம். ஐந்தில் இருவர் பின்வாங்கினால் மூவர் போடுங்கள். நீங்கள் ஒருவர் மட்டும் என்று வந்துவிட்டால் இந்தக் கடிதத்தை அனுப்பவேண்டாம். ஐந்து வருடம் முடியும்வரை பொறுத்து, விலகிய பிறகு சேமலாப நிதி நிலுவையைத் தனியாகக் கேளுங்கள். தனி ஒருவர் உள்ளிருந்து போராடுவதில் இழப்பு அதிகம், பலன் குறைவு.

14 நாளில் பதில் வராவிட்டால், அல்லது "கவனத்தில் எடுத்துள்ளோம்" என்று மட்டும் வந்தால், யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள். தலைமை அலுவலகம் கொழும்பில் என்றாலும் வேலை செய்யும் இடம் இங்கே என்பதால் இங்கேயே முறையிடலாம். முறைப்பாட்டைத் தமிழில் எழுதுங்கள், விசாரணையும் தமிழில் நடக்கும். நிறுவனத்தின் பெயர், முகவரி, உங்கள் சேமலாப நிதி இலக்கம், சேர்ந்த தேதி, கடைசிச் சம்பளம், கேட்கும் விடயம் இவை போதும். பத்துப் பக்கக் கதை வேண்டாம். சேமலாப நிதிக் குறை பற்றி மட்டும் கிளையைப் பரிசோதிக்கும்படியும், பெயரை வெளியிடவேண்டாம் என்றும் கேட்கலாம். ஆனால் 11 பேர் உள்ள கிளையில் யார் என்று ஊகிக்க ஒரு பின்னேரம் போதும். அதனால்தான் ஐந்து பேர் என்கிறேன். தொழில் உத்தியோகத்தர் இரு தரப்பையும் அழைப்பார். முதல் விசாரணைத் தவணைக்கு நிறுவனம் வராமல் விடலாம், அதைக் கண்டு தளரவேண்டாம். சேமலாப நிதியைப் பிந்திக் கட்டினால் நிறுவனத்துக்கு 5 முதல் 50 சதவீதம் வரை மிகை அறவீடு உண்டு. கடைசியில் திணைக்களம் நீதவான் நீதிமன்றம் மூலம் அறவிடவும் முடியும். இதைத் தலைமை அலுவலகத்தின் கணக்குப் பிரிவு உங்களைவிட நன்றாக அறியும். அநேகமான சேமலாப நிதிப் பிணக்குகள் அதனாலேயே நீதிமன்றம் போகாமல் தீர்கின்றன.

தொழிற்சங்கம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கிளையில் யாராவது கேட்பார்கள். ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையிலிருந்து நீக்குவது, தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் சட்டவிரோதம். ஆனால் நிறுவனம் பேச்சுவார்த்தைக்கு வரக் கடமைப்படுவது, சங்கம் யாருக்காகப் பேசுகிறதோ அந்த ஊழியர்களில் 40 சதவீதமானோர் சங்கத்தில் இருந்தால்தான். நாடு முழுவதும் கிளை உள்ள நிறுவனத்தின் எல்லா ஊழியர்களுக்காகவும் பேசவேண்டும் என்றால் யாழ்ப்பாணக் கிளை மட்டும் அதைத் தொடமுடியாது. வவுனியா, மட்டக்களப்பு, குருநாகல் கிளைகளில் உங்களைப் போன்றவர்களோடு தொடர்பு இருந்தால் யோசிக்கலாம். ஐந்து மாதத்தில் போகப்போகிற ஒருவர் தொடங்கிவைக்கவேண்டிய வேலை அல்ல அது.

கடிதம் போன பிறகு திருப்பி அடிப்பார்கள். மூன்று விதமாக வரும். விளக்கம் கோரும் கடிதம் வந்தால் குறித்த தேதிக்குள் பதில் கொடுங்கள். நேரம் போதாவிட்டால் மேலும் ஒரு வாரம் தரும்படி அந்தத் தேதிக்கு முன்பே எழுதுங்கள். பதில் கொடுக்காமல் விடுவது ஒப்புக்கொண்டதாக வாசிக்கப்படும். இடமாற்றம் வந்தால், நியமனக் கடிதத்தில் 'எந்தக் கிளைக்கும் மாற்றலாம்' என்று இருந்தால் போகமாட்டேன் என்று சொல்லவேண்டாம். "எதிர்ப்பைப் பதிவு செய்துகொண்டு போகிறேன், கூட்டுக் கடிதத்துக்குப் பழிவாங்கலாக இதைக் கருதுகிறேன்" என்று எழுதிவிட்டுப் போங்கள், முறைப்பாட்டில் அதையும் சேருங்கள். மூன்றாவது மிக ஆபத்தானது: அறைக்குள் கூப்பிட்டு, "இதில கையெழுத்து வையும், நல்ல சேவைச் சான்றிதழ் தாறம், இல்லாட்டி டிஸ்மிஸ்" என்று தட்டச்சிட்ட இராஜினாமாக் கடிதத்தை நீட்டுவது. கையெழுத்து வைக்கவேண்டாம். "வீட்டில் பேசிவிட்டு நாளை சொல்கிறேன்" என்று எழுந்து வாருங்கள். நீங்களாக விலகினீர்கள் என்று ஒரு தாள் இருந்தால், லேபர் ட்ரிபியூனல் என்று எல்லோரும் சொல்லும் தொழில் நியாயசபையில் நியாயமற்ற பணிநீக்கம் என்று வழக்குப் போடும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். வற்புறுத்தி வாங்கினார்கள் என்பதை நீங்கள்தான் நிரூபிக்கவேண்டி வரும். பதற்றத்தில் வைத்துவிட்டால், அன்றோ மறுநாளோ அதை மீளப் பெறுவதாகவும் வற்புறுத்தி வாங்கியதாகவும் பதிவுத் தபாலில் எழுதி, தொழில் அலுவலகத்துக்கும் பிரதி கொடுங்கள். உண்மையாகவே நீக்கிவிட்டால் ஆறு மாதத்துக்குள் நியாயசபைக்கு விண்ணப்பிக்கவேண்டும். அந்தத் தேதி தவறினால் நியாயம் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் கேளுங்கள்.

துரோகமா என்று கேட்டீர்கள். இல்லை. உங்களோடு களத்துக்குப் போகும் மற்ற நால்வருக்கும் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இன்னும் ஐந்து வருடம் அவர்களோடு சேர்ந்து சோர்வது அல்ல. அவர்களுடைய பே ஸ்லிப்பில் இருக்கும் பிழையைச் சுட்டிக்காட்டுவதும், பற்றுச்சீட்டுப் புத்தகத்தைச் சுத்தமாக வைக்கப் பழக்குவதும், கூட்டுக் கடிதத்தை உங்கள் கையால் எழுதுவதும்தான். நீங்கள் போன பிறகும் அந்த முறைப்பாடு நிற்கும். விலகியவர் சாட்சி சொல்வதற்குப் பயப்படத் தேவையில்லை என்பதால் உங்கள் வார்த்தைக்கு அப்போது வலு கூடும். நீங்கள் போகப்போகும் மாதத்தை மட்டும் அவர்களிடம் ஒளிக்கவேண்டாம். கையெழுத்துக் கேட்கும்போதே சொல்லுங்கள். பிறகு தெரிய வந்தால்தான் அது துரோகமாகத் தெரியும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஐந்து மாதம் தாங்காது, நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது, ஸ்கூட்டி ஓடும்போது கவனம் தவறுகிறது என்ற நிலை வந்தால் வைத்தியரைப் பார்த்து, மருத்துவச் சான்றிதழோடு லீவு எடுங்கள். அதுவும் போதாவிட்டால் விட்டுவிடுங்கள். ஒன்றரை இலட்சத்துக்காகக் கொடிகாமம் வீதியில் விழவேண்டாம்.

இந்த ஐந்து மாதத்தில் வேலையும் தேடுங்கள். யாழ்ப்பாணத்தில் நிதி நிறுவன வட்டம் சிறியது, கிளை முகாமையாளர்கள் ஒருவரை ஒருவர் அறிவார்கள். நேர்முகத்தில் தற்போதைய நிறுவனத்தைப் பற்றிக் குறை சொல்லாதீர்கள். களத்தில் இத்தனை கணக்கைத் தனியாகப் பார்த்தேன், நிலுவை வீதம் இவ்வளவு என்று சொல்லுங்கள். அறவீட்டை விட்டு வெளியேற விரும்பினால் கூட்டுறவுச் சங்கங்கள், காப்புறுதி நிறுவனங்களின் கோரல் பிரிவு, மொத்த வியாபார நிறுவனங்களின் கடன் கணக்குப் பிரிவு ஆகியவற்றில் உங்கள் அனுபவத்துக்கு மதிப்பு உண்டு.

உங்கள் சொந்தக் காசுக் கணக்கையும் போட்டுவிடுங்கள். நிறுவனத்திடம் ஸ்கூட்டிக்கு ஊழியர் கடன் எடுத்திருந்தால், விலகும்போது முழு மீதியையும் கேட்பார்களா, வட்டி சாதாரண வீதத்துக்கு ஏறுமா என்று கடன் ஒப்பந்தத்தில் இன்றே வாசியுங்கள். பணிக்கொடையிலிருந்து அதைக் கழிக்கப் பார்ப்பார்கள். சேமலாப நிதியைக் கைச்செலவுக்கு நம்பவேண்டாம். பெண்களுக்கு 50 வயதில்தான் அது கைக்கு வரும். திருமணம் காரணமாக வேலையை விடுதல், நிரந்தரமாக வெளிநாட்டில் குடியேறுதல் போன்ற சில காரணங்களுக்கே முன்பு எடுக்கலாம். நம்பிக்கை நிதியத்தை வேலையை விட்டதும் எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான். அடுத்த வேலை கையில் இருந்தால் அதைத் தொடாமல் விடுங்கள். வீட்டுச் செலவில் உங்கள் பாதிக்கு மூன்று மாதக் காசு தனியே இருந்தால் போதும், பணிக்கொடை வரும்வரை தாக்குப்பிடிக்கலாம். அது விலகிய 30 நாட்களுக்குள் வரவேண்டும், பிந்தினால் அதற்கும் மிகை அறவீடு உண்டு. எடுக்காத வருடாந்த லீவுக்கும் கணக்குக் கேளுங்கள்.

விலகும் கடிதத்தில் காரணம் எழுதவேண்டாம், நன்றியும் குற்றச்சாட்டும் வேண்டாம். "இன்ன தேதியிலிருந்து ஒரு மாத முன்னறிவித்தலோடு விலகுகிறேன், பணிக்கொடை, லீவுக் கொடுப்பனவு, சேவைச் சான்றிதழ் என்பவற்றைத் தருமாறு கேட்கிறேன், சேமலாப நிதி நிலுவை பற்றிய எனது முறைப்பாடு தொடர்கிறது" என்ற மூன்று விடயம் போதும். "எனக்கு வரவேண்டியது எல்லாம் வந்துவிட்டது" என்று அச்சிட்ட படிவத்தில் கையெழுத்துக் கேட்டால், தொகையைக் கணக்குப் பார்த்து, "சேமலாப நிதி நிலுவை நீங்கலாக" என்று கையால் எழுதிவிட்டே கையெழுத்து வையுங்கள். கடைசி நாளில் பற்றுச்சீட்டுப் புத்தகங்களை இலக்கம் இலக்கமாக எழுதி, பயன்படுத்தியவை, பயன்படுத்தாதவை, கோடிட்டவை என்று பிரித்து, கையளிப்புப் பட்டியல் இரண்டு பிரதி தயாரியுங்கள். பெற்றுக்கொள்பவரின் பெயர், தேதி, கையெழுத்து இரண்டு பிரதியிலும் இருக்கவேண்டும். உங்கள் பிரதியைப் பே ஸ்லிப்புகளோடு ஒரே கோவையில் வைத்திருங்கள்.